ஞாயிறுதோறும் பத்து நிமிடம்

1

இன்று காலை ஜெனரேட்டர் அறையில் டீசல் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பழைய சென்னை நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மேலே வண்டியின் பதிவு எண். கீழே, பெயர் மாற்றம் முடிந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான். கோவில்பதாகையில் நம் வீட்டு வாசலில் நின்ற வெள்ளை வண்டி இனி என் பெயரில் இல்லை.

திவ்யா, நரேஷ், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல வந்தால் பாதியிலேயே “சரிப்பா, சரிப்பா” என்பீர்கள். எனக்கும் வார்த்தை வராது. பத்தாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வண்டி போனதற்காகப் புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஒரு நாள் போகத்தான் செய்யும். எனக்கு இருந்த பயம் வேறு. வண்டி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். வண்டி இல்லாமலும் செய்வீர்களா? இந்த ஒரு கேள்வியை நேராகக் கேட்க வெட்கமாக இருந்தது. அதனால்தான் இத்தனை நாள் வண்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பார்த்தது போனின் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஓமானில், சோஹாருக்கு வெளியே ஒரு லேபர் கேம்ப்பில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

2

அந்த வண்டியை வாங்கியபோது நான் ஊரோடு வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். பாடியில் ஒரு பழைய கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கும் வேலை. காலையில் பைக்கில் போய் மாலையில் வீடு. போதும், இனி பாஸ்போர்ட்டைத் தொடக் கூடாது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

வண்டி பார்க்கப் போன அன்று நீங்கள் இருவரும் வெட்கத்தில் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டீர்கள். காரணம், நான் ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். எங்கள் காலத்தில் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று அப்படித்தான் கேட்போம்.

“அப்பா, மானத்த வாங்காதீங்க. அந்த அங்கிள் சிரிக்கிறாரு” என்றாள் திவ்யா, போகும் முன்.

“சிரிச்சிட்டுப் போறான். வால்வு சத்தம் சரியா கீதா இல்லியான்னு அந்த அங்கிளுக்குத் தெரியுமா?”

சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. திருமுல்லைவாயில் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டோம். ஒரு முறை திருப்பதி போனோம். மலை இறங்கும்போது நரேஷ் வாந்தி எடுத்தான், பின் சீட் ஒரு மாதம் நாறியது. அதற்குப் பிறகு பெரிதாக எங்கும் போகவில்லை. பாடி கம்பெனியில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடி அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க அலைந்தேன். என் வயதைக் கேட்டதும் “சொல்லி அனுப்புறோம் சார்” என்றார்கள். பழைய ஓமான் கம்பெனி மட்டும்தான் கூப்பிட்டது.

கிளம்புவதற்கு முன் உங்கள் அம்மா கேட்டாள்: “வண்டிய இன்னாத்துக்குங்க சும்மா நிக்க வெச்சிகினு? எனக்கும் ஓட்டத் தெரியாது, புள்ளைங்களுக்கும் லைசன்ஸ் கெடையாது. வித்துட்டா ஒரு நிம்மதி.”

“ரெண்டு வருஷந்தான மல்லிகா. வந்து நான் ஓட்டுவேன்.”

 வண்டியை விற்றால், திரும்பி வரமாட்டேன் என்று நானே சொன்ன மாதிரி ஆகும். அது அவளுக்கும் தெரியும். இரண்டு வருஷம் என்று சொன்னது எப்போதோ தாண்டிவிட்டது.

டீசல் இன்ஜினை ஓட்டாமல் போட்டால் கெட்டுவிடும் என்று படித்தவன் நான். இந்தக் கேம்ப்பிலும் அதுதான் வழக்கம். கரண்ட் லைனில் வருகிறது. லைன் போனால் ஓட்டுவதற்கு ஒரு பெரிய ஜெனரேட்டர். அது எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக வாரம் ஒரு தடவை சும்மா ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவோம். அதே பாடத்தைத்தான் உங்களுக்கும் சொன்னேன். ஏர்போர்ட் போகிற வழியில், டாக்சியில், நரேஷிடம்:

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட உடு. கியர்ல கை வெக்காத. வெளிய எடுக்காத. எனக்குப் போன் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணு, நான் சத்தம் கேக்கணும்.”

3

இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்றைக்கு உங்களுக்குப் பள்ளிக்கூடம், காலேஜ். உங்களுக்கு விடுமுறையான ஞாயிறு, எங்களுக்கு வேலை நாள், இங்கே ஆபீஸ் வாரம் தொடங்கும் நாள். ஒரே வீட்டு ஆட்களுக்கு லீவு நாள் கூட ஒன்றாக அமையவில்லை. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கும் நேரத்தை ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே ஒன்பதரை. போர்மேன் குரியனிடம், வார ஆரம்பத்தில் ஓட்டினால் நல்லது என்று ஒரு காரணம் சொன்னேன். அவர் மலையாளி, வீட்டை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆனவர். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ஆயிக்கோட்டே ஏழுமலை” என்றார். ஆகட்டும் என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் நீங்கள் இருவரும் சாவிக்குச் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா?

“போன வாரம் நீதான போட்ட, இந்த வாரம் நானு.”

“அக்கா, உனுக்கு ஸ்டீயரிங்கே எட்டாது, போ.”

“அப்பா, இவன பாருங்கப்பா!”

பிறகு இன்ஜின் பிடிக்கும். போனை பானட் பக்கம் எடுத்துப் போகச் சொல்வேன். இங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அங்கே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். நான் அறைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். பத்து நிமிடம் இன்ஜின் ஓட வேண்டும் என்பது கணக்கு. அதனால் அதுவரை யாரும் போனை வைக்க முடியாது. எனக்கு வேண்டியது அதுதான். அந்த நேரத்தில்தான் எல்லாம் வரும். தெருவில் தண்ணீர் லாரி வராதது, நரேஷின் கணக்கு மார்க், திவ்யாவுக்கு நர்சிங் சீட் கிடைத்தது, மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனது. சும்மா போன் செய்து “அப்புறம்?” என்று கேட்டால் நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். இன்ஜின் ஓடினால் சொல்வீர்கள்.

மாதம் ஒரு தடவை ஆயில் குச்சியை உருவிப் பார்க்கச் சொல்வேன்.

“கொறையவே இல்லப்பா” என்றான் நரேஷ். “போன மாசத்த விட கொஞ்சம் ஏறிக்கினு கூட கீது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொட்டு ஆயில் குடிக்காத இன்ஜின் என்று குரியனிடம் போய்ச் சொன்னேன். குறையாமல் இருக்கலாம், ஏறுவது எப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. படித்த பாடத்தில் அது இல்லை.

ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தது.

“அப்பா, ஒரு பொட்டிக்குள்ள புள்ளி புள்ளியா கீது. இன்னாப்பா இது?”

“மாஃபி முஷ்கில்” என்றேன். பிரச்சினை இல்லை என்று இங்கே எல்லோரும் அரபியில் சொல்வது. நாக்கில் ஒட்டிக்கொண்டது, தானாக வந்துவிட்டது. நீங்கள் இருவரும் வண்டிக்குள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயர் ஆயிற்று. “அம்மா, மாஃபி முஷ்கில் லைன்ல கீறாரு” என்று நரேஷ் கத்துவது எனக்குக் கேட்கும். நானும் சிரிப்பேன். ஆனால் விளக்கு என்னவென்று விசாரிக்கவில்லை. பழைய வண்டி, ஏதோ சென்சார் என்று விட்டுவிட்டேன். “லைட்ட பாக்காத, சத்தத்த கேளு” என்றேன்.

4

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பிள்ளைகள் வளரும்போது நடப்பதுதான்.

திவ்யா காலேஜுக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமை தூங்குவாள். தூங்கட்டும், வாரம் முழுக்க வார்டில் நிற்கிற பெண். நரேஷ் தனியாக வருவான். காதில் இயர்போன் இருக்கும். கொஞ்ச நாளில் போனைப் பக்கத்து சீட்டில் மல்லாக்க வைத்துவிட்டு இறங்கிப் போக ஆரம்பித்தான். எனக்கு வண்டியின் கூரைத் துணி மட்டும் தெரியும். அதில் கைவிரல் நீளத்துக்கு ஒரு கறை உண்டு. முன்னால் வைத்திருந்தவர்கள் காலத்துக் கறை. அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். வெளியே யாருடனோ நரேஷ் பேசுவது கேட்கும். “மாமே, அர மணி நேரத்துல வந்துர்றேன்டா. எங்கப்பாக்கு வண்டி சத்தம் காட்டிகினு கீறேன்.”

பிறகு ஒரு ஞாயிறு, சிக்னல் சரியில்லை என்று வீடியோ எடுத்து அனுப்பினான். அடுத்த ஞாயிறும் வீடியோ. இன்ஜின் சத்தம் நன்றாகவே இருந்தது. மூன்றாவது வீடியோவில் பின்னணியில் ஒலிபெருக்கி கேட்டது. அம்மன் பாட்டு, நடுவில் “கூழு ஊத்தறோம், பாத்திரம் எட்த்துகினு வாங்கம்மா” என்று ஒரு குரல்.

நான் உடனே போன் செய்தேன். “டேய், பொரட்டாசில எந்தக் கோயில்லடா கூழு ஊத்தறாங்க?”

 அவன் மெதுவாக, “மாஃபி முஷ்கில்ப்பா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஆடியில் எடுத்து வைத்ததை மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறான். சிரித்து முடித்தபின் மூன்று வீடியோவையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். ஆனால் இப்போது யோசித்தால், நீ ஏமாற்றிய அந்த ஞாயிறுகளில்தான் நரேஷ், வண்டிக்குக் கொஞ்சமாவது நல்லது நடந்திருக்கிறது.

5

திவ்யாவுக்குப் பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. படிப்பு முடியும் முன்னே வேலை. மழை நாள், பஸ்ஸில் நனைய வேண்டாம், நம் வண்டியிலேயே போங்கள் என்று நான்தான் சொன்னேன். அன்று மட்டும் ஓட்டித் தர ஒரு ஆக்டிங் டிரைவரை உங்கள் அம்மா ஏற்பாடு செய்தாள். இத்தனை வருஷம் ஞாயிறுதோறும் ஓட்டி வைத்த வண்டி, இன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை என்று எனக்குச் சந்தோஷம். மேற்பார்வை செய்கிறவன் மாதிரி நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தேன்.

ஆவடி தாண்டிப் பூந்தமல்லி ரோட்டில் வண்டி இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகம். மஞ்சள் விளக்கோடு சிவப்பும் சேர்ந்துகொண்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லையாம். ஓரம் கட்டி, மழையில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனீர்கள். திவ்யா புடவை நனைந்தபடி உள்ளே போனாள். அந்த வேலை கிடைக்கவில்லை. வண்டியால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவள் மட்டும் அன்று போனில் ஒன்றே ஒன்று சொன்னாள்: “அப்பா, ஓடும் ஓடும்னு சொல்லிட்டு, ஓட வேண்டிய அன்னிக்கு ஓடலியேப்பா.”



வண்டியைக் கட்டி இழுத்துப் பாபுவின் ஷெட்டில் விட்டார்கள். பாபு நம் தெருவுக்குப் பின்னால் ஷெட் வைத்திருப்பவர். முதலில் டீசல் கெட்டுப்போச்சு என்று டேங்கைக் கழுவினார். சரியாகவில்லை. பேட்டரி என்றார். மாற்றினார். சரியாகவில்லை. பிறகுதான் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற ஒருவரை அழைத்து வந்தார். அன்றைக்கு உங்கள் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணாத்தே, ஒன்னு கேட்டா கோச்சுக்க மாட்டியே? இந்த வண்டிய கடைசியா எப்ப ரோட்ல ஓட்னீங்கோ?” என்றார் பாபு.

“ரோட்ல எடுக்கல. ஆனா வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட்டிகினுதான் இருக்காங்க.”

“நிக்க வெச்சேவா?”

“ஆமா.”

“எவன் சொன்னான் அந்த மாரி?”

 நரேஷ்தான், “அப்பாதான்” என்றான்.

பாபு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, சங்கடச் சிரிப்பு. “அண்ணாத்தே, நம்ம காலத்து வண்டிக்கு அது கரெக்ட்டு. இது புது மாடலு. பொகை வெளிய போவாம புடிச்சி வெக்க சைலன்சர் கொழாயில ஒரு பில்டர் கீது. கரி அதுல குந்திக்கும். ஐவேல தம் கட்டி ஓட்னா அந்த சூட்ல கரி எரிஞ்சி பூடும். நிக்க வெச்சி ஓட்னா சூடு எங்க ஏறும்? வாராவாரம் கரிய மட்டும் சேத்து வெச்சிகினு வந்துகீறீங்க. வண்டி பாவம், தானே எரிக்கப் பாத்து எக்ஸ்ட்ரா டீசல ஊத்திகீது. அதுவும் எரியாம ஆயில்ல எறங்கிட்ச்சி. ஆயில் குச்சிய மோந்து பாரு, டீசல் வாட அடிக்குது.”

ஏறியது ஆயில் இல்லை. டீசல்.

“பேசாம தெருவுல சும்மா போட்டிருந்தா கூட பேட்டரி மட்டுந்தான் போயிருக்கும்” என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவர் மாதிரி, “உடு அண்ணாத்தே, அல்லாரும் பண்றதுதான்” என்றார்.

6

அன்றைக்கே ஒரு வழியும் சொன்னார். ஆயிலை மாற்றிவிட்டு, வெளிவட்டச் சாலையில் விட்டு அரை மணி நேரம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட்டினால் பாதிக் கரியாவது எரியும், வண்டி பிழைத்துக்கொள்ளும் என்றார். அதுவரை ஸ்டார்ட்டே செய்யக் கூடாது. நாள் கடத்தினால் பில்டரை மாற்ற வேண்டியதுதான். பில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் குழாய் வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்களாம். அது வேண்டாம் என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டாள்.

“நான் ஓட்றேம்பா. லைசன்ஸ் வந்துடுச்சில்ல” என்றான் நரேஷ்.

“வேணாம்டா. அங்க லாரிங்க பேய் மாரி வரும். நான் ஆவணில வர்றேன். வந்து ஓட்றேன்.”

லாரி பயம் பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நெமிலிச்சேரியில் ஏறி வண்டலூர் பக்கம் வரை. நான் ஓட்ட, பக்கத்தில் உங்கள் அம்மா, பின்னால் நீங்கள் இருவரும். கரி எரிவதற்காக வண்டியை நிறுத்தக் கூடாது. எனவே யாரும் இறங்கிப் போக முடியாது. இதை நான் ஜெனரேட்டர் அறையில் உட்கார்ந்து எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன்.

ஆவணியில் வெகேஷன் கிடைக்கவில்லை. எனக்குப் பதிலாள் வர வேண்டும். அவனுக்கு விசா வரவில்லை. குரியனிடம் கேட்டால் ஆபீஸில் கேள் என்பார். ஆபீஸில் கேட்டால் மஸ்கட்டில் கேட்க வேண்டும் என்பார்கள். மஸ்கட்டில் போன் எடுக்கிறவன் நல்ல பையன், “நாளைக்கு, இன்ஷா அல்லா” என்பான். ஐப்பசியில் விசா வந்தது. மெடிக்கலில் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து.

அங்கே வண்டி வாசலில் நின்றது. ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நானே கூப்பிடுவேன். “நல்லா கீறோம்பா. நீங்க?” “நல்லா கீறேன்.” பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருப்போம். மழைக்கு எலி உள்ளே போய் வயரைக் கடித்தது. தண்ணீர் லாரி திரும்ப இடமில்லை என்று எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார்.

ஒரு நாள் உங்கள் அம்மா சொன்னாள்: “நீங்க எப்ப வர்வீங்கன்னு எனக்குந் தெரியாது, உங்களுக்குந் தெரியாது. வண்டிக்காச்சும் ஒரு முடிவ சொல்லுங்க.”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். விற்றுவிடு என்றேன்.

7

திருமுல்லைவாயிலில் புதிதாகக் கட்டிய பிளாட்டில் இருக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். மதுரைப் பக்கத்துக்காரர், தினமும் ஒரகடம் போய் வருகிற வேலை. பில்டரை அவரே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெயர் மாற்றத்துக்கு என் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. பழைய கையெழுத்து தமிழில் இருக்கிறதாம். இங்கே வந்தபின் எல்லாக் காகிதத்திலும் இங்கிலீஷில் போட்டுப் பழகிவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்து ‘ஏழுமலை’ என்று பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். ‘ழு’வின் சுழி வரவில்லை. அங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்னவோ சொல்லிச் சமாளித்து, என் நம்பருக்கு வரும் ஓடிபியை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று நரேஷ் ஏற்பாடு செய்தான். அதற்காகவே என் பழைய சிம்முக்கு ரீசார்ஜ் போட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை நரேஷ் கூப்பிட்டான். என் லீவு நாளில் அவன் கூப்பிட்டதே இல்லை. காலைச் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வெளியே ஓடினேன்.

“அப்பா, உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். வந்தவுடனே சொல்லுங்க. பத்து நிமிஷந்தான் டைம்.”

“சரிடா. சாப்ட்டியா?”

“ஆச்சுப்பா. வந்துச்சா?”

வந்துவிட்டது. ஆறு எண், திரையில் தெளிவாகத் தெரிந்தது.

“இன்னும் வரலடா. இங்க டவர் கம்மி” என்றேன்.

“சரி, லைன்லயே இருங்க.”

“வண்டி எப்பிடிடா கீது?”

“சூப்பரா ஓடுதுப்பா. அவரு டெய்லி ரிங் ரோட்லதான போறாரு. லைட்டே வர்றதில்லயாம். எனக்குக் கூட ஒரு ரவுண்டு குடுத்தாரு.”

“நீ ஓட்னியா?”

“நெமிலிச்சேரிலேந்து பூந்தமல்லி வரைக்கும். நூறுல போச்சுப்பா, கொஞ்சங்கூட ஆடல. அக்காவும் வந்தா.”

“அக்காவுமா?”

“ம். பின்னாடி ஒக்காந்து தூங்கிட்டா.”

நான் திவ்யா தூங்குவதை நினைத்துப் பார்த்தேன். திருப்பதியிலிருந்து வரும்போதும் அப்படித்தான் தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு. மேலே அந்தக் கறை இருந்திருக்கும். அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டேன். நரேஷ், உன் பரீட்சையைக் கேட்டேன். தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். நீயும் சொன்னாய். பழைய ஞாயிறு மாதிரியே இருந்தது.

“அப்பா, டைம் முடிஞ்சிடுச்சு. மறுபடி அனுப்பச் சொல்றேன்” என்றாய்.

மறுபடி வந்தது. மறுபடி, வரவில்லை என்றேன். பக்கத்தில் வண்டி வாங்கியவர் “தம்பி, மதியானத்துக்குள்ள நான் போகணும்பா” என்பது எனக்கும் கேட்டது. நீ கொஞ்சம் தள்ளிப் போய் நின்றிருப்பாய் போல, சுற்றிலும் சத்தம் குறைந்தது.

“அப்பா.”

“சொல்றா.”

“நெஜமாவே வரலியா?”

கூழ் ஊற்றும் சத்தத்தை வைத்து உன்னைப் பிடித்தவன் நான். என்னைப் பிடிக்க உனக்கு ஒலிபெருக்கி கூடத் தேவைப்படவில்லை. ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். நீ திருப்பிச் சொன்னாய். சரியாக இருந்தது.

“ஓகேப்பா. தேங்க்ஸ்ப்பா. வெச்சிடறேன்.”

8

எழுதி முடிக்க ஞாயிறு ஆகிவிட்டது.

நாளைக்கு உங்களில் யாராவது டீசல் வண்டி வாங்கினால், அப்பா சொல்வதில் இந்த ஒன்றையாவது கேளுங்கள். நிற்க வைத்து ஓட்டாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே எடுத்து நல்ல தூரம் போங்கள். ஆயில் குறைந்தால் மட்டுமல்ல, ஏறினாலும் கேளுங்கள். மஞ்சள் விளக்கு வந்தால் யார் மாஃபி முஷ்கில் என்று சொன்னாலும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிற காலம் போய்விட்டது.

பதிலாள் இன்னும் வரவில்லை. இந்த வருஷம் வருவான் என்று குரியனும் இப்போது சொல்வதில்லை. வண்டியின் கதையை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். சும்மா ஓட்டினால் இந்த ஜெனரேட்டருக்கும் கெடுதல்தானாம், மேலே எழுதிப் போட்டு முறையை மாற்றினார். இப்போது கேம்ப்பின் மொத்த கரண்டையும் அதன் மேல் ஏற்றி அரை மணி நேரம் ஓட்டுகிறோம். நாள், நேரம் மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதே ஞாயிறு, அதே எட்டு மணி.

பாரம் ஏறினால் சத்தம் பயங்கரமாக இருக்கிறது. வெளியே நின்றாலும் போன் அடித்தால் கேட்காது. அதனால் அதிரும்படி வைத்துச் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்கிறேன். ஆனால் இன்ஜினின் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறி உடம்பு முழுக்க வருகிறது. ஒவ்வொரு தடவையும் போன் வருகிற மாதிரியே இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன். திரும்பப் பையில் வைக்கிறேன். மறுபடி வருகிற மாதிரி இருக்கிறது.